ஆனி மாதத்துக்குத் திரும்பிய சேர்வர்

எதையும் எண்ணிப் பார்த்துச் செய்கிறவன் தவறு செய்யமாட்டான் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பொய். எண்ணிப் பார்த்துச் செய்கிறவனும் தவறு செய்வான். அவனுக்கு எத்தனை தவறு என்று தெரிந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். நான் செய்தது மூன்று. ஒன்றை ஆடி மாதம் முழுவதும் அவசரமில்லாமல், ஆறுதலாகச் செய்தேன். மற்ற இரண்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஹட்டன் டவுனில், ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்து செய்து முடித்தேன். அதில் என் ஒரே மகளின் கல்யாணம் கவிழப் பார்த்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த ஆள். தலவாக்கலையில் பஸ் ஏறினால் உள்ளே எத்தனை பேர் என்று எண்ணிவிட்டுத்தான் உட்காருவேன். (பஸ் பள்ளத்தில் விழுந்தால் கணக்குச் சொல்ல ஒருவராவது வேண்டாமா?) தேயிலைத் தோட்ட ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் ஆள் கணக்கும் சம்பளமும் எழுதுகிற செக்ரோல் போடுவதற்கென்று ஆபீசுக்குக் கம்பியூட்டர் வந்தபோது, "கிளாக்கர், இனி இது உன் பொறுப்பு" என்று தோட்டத்தை நிர்வகித்த துரை சொல்லிவிட்டார். அதைத் தொட்டால் வெடிக்கும் என்று நினைத்திருந்தவன் நான். பயத்தில் படித்ததால் ஒழுங்காகவே படித்தேன். ஓய்வு பெறும்போது, எங்கள் பக்கத்தில் கம்பியூட்டர் தெரிந்த பெரிய மனிதர் என்ற பெயர் எனக்கு ஒட்டியிருந்தது. அந்தப் பெயர்தான் வினை.

என் மனைவி செல்வராணியின் தம்பி மகேந்திரன் ஹட்டனில், அந்த ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில்தான், கல்யாணத் தரகு நிலையம் நடத்தி வந்தான். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் பிற்பகுதியில், ஜாதகங்களையெல்லாம் கம்பியூட்டரில் ஏற்றி, ஓர் இணையத்தளமும் தொடங்கினான். அதைச் செய்து கொடுத்த ஆள் வேலை கிடைத்து வெளிநாடு போனபோது, சாவிகளை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். சாவி என்றால் கடவுச்சொற்கள். மொத்தம் ஆறு. ஆறையும் மனப்பாடம் செய்தேன். இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதனால்தான் தனி அறையில் தூங்குகிறேன்.

அந்தத் தளம் இருந்தது ஒரு வாடகைச் சேர்வரில். கடல் கடந்த ஏதோ ஒரு நாட்டில் பெரிய இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதைத் தடுத்துத் தடுத்துப் பலருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நம் லயத்தைப் போலத்தான். ஒரே கூரை, வரிசையாகக் காம்பராக்கள், நமக்கு ஒன்று. காம்பராவுக்குள் நாம் என்ன செய்தாலும் நம் இஷ்டம். பக்கத்துக் காம்பராக்காரர் அதிகமாக அடுப்பெரித்தால் நமக்குப் புகை.

அதில் 'இமேஜ்' எடுப்பது என்று ஒரு வசதி உண்டு. படம் என்றுதான் நாங்கள் சொல்லுவோம். ஆனால் கமெராப் படம் அல்ல. காம்பராவில் இருக்கும் சட்டி பானை, கொடியில் காயும் துணி, அடுப்பில் கொதிக்கிற தேத்தண்ணி வரைக்கும் அப்படியே ஓர் அச்சு எடுத்து வைத்துக்கொள்வது. நாளைக்குக் காம்பரா எரிந்துபோனால் அந்த அச்சிலிருந்து மறுபடி எழுப்பலாம். எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். தேத்தண்ணியும் கொதித்துக்கொண்டிருக்கும். அந்தத் தேத்தண்ணியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு என்னைச் சுட்டது அதுதான்.

முதல் படத்தை ஆனி மாதத்தில், நல்ல முகூர்த்த நாளில் எடுத்தோம். கல்யாணத் தொழில் அல்லவா, ஆணி அடிப்பதென்றாலும் மகேந்திரன் பஞ்சாங்கம் பார்ப்பான். அன்று காலையில்தான் என் மகள் மாலதியின் விவரத்தையும் பட்டியலில் சேர்த்திருந்தான். மாலதி அப்போது பள்ளிக்கூட ஆசிரியை. புதிதாக ஒரு பெயரைச் சேர்த்தால், பொருந்துகிற குடும்பங்களை அந்தப் புரோகிராம் தானாகக் கண்டுபிடித்து, இரண்டு பக்கத்துக்கும் போனில் மெசேஜ் அனுப்பும். அவை அனுப்பத் தயாராக வரிசையில் நின்ற நேரத்தில்தான் சேர்வரை நிறுத்திப் படம் எடுத்தேன். எடுத்து முடித்து மறுபடி ஓடவிட்டதும் மெசேஜ்கள் போய்ச் சேர்ந்தன. அதில் ஒன்று நோட்டன் பிரிட்ஜில் இருந்த ராமையா அதிபருக்குப் போனது. ஓய்வு பெற்ற அதிபர், கண்டிப்பான மனிதர். அவருடைய மகன் சிவநேசன் மின்சார எஞ்சினியர். பத்துக்கு எட்டுப் பொருத்தம். ஆவணி பிறந்ததும் நிச்சயதார்த்தம் நடந்தது. தை மாதம் கல்யாணம் என்று நாள் குறித்தோம்.

இடையில் ஆடி மாதம் வந்து போனது. மாதம் ஒரு படம் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான் ஞாபகப்படுத்தினேன்.

"ஆடியிலயா?" என்று மகேந்திரன் காதைப் பொத்திக்கொண்டான். "என்னா அத்தான் நீங்க! ஆடியில புதுசா ஒண்ணும் தொடங்கக்கூடாது. ஆடியில எடுத்த படத்துல இருக்கிற ஜோடி வெளங்குமா?"

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆடியில் நான் புதுச் சட்டைகூடப் போடுவதில்லை. ஆவணியில் நிச்சயதார்த்த வேலை. படத்தை மறந்தே போனேன். இது தவறு நம்பர் ஒன்று.

நிச்சயதார்த்தம் முடிந்து இரண்டாவது வாரம், சேர்வர் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் காம்பராவில் ஓடுகிற சிஸ்டம் மிகப் பழையது, இனிமேல் அதற்கு ரிப்பேர் கிடையாது, கள்ளர்கள் புகலாம், புதிய சிஸ்டம் போட்டுக்கொள்ளுங்கள். கள்ளர்கள் என்ற சொல்லைப் பார்த்ததும் எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு வந்தேன். அத்தனை பெண் பிள்ளைகளின் போட்டோவும் அதற்குள்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய் இறங்கினேன். மழை, எதிரே வருகிறவர் முகம் தெரியாத பனிமூட்டம்.

கம்பெனியின் பக்கத்தைத் திறந்தால், சிஸ்டங்கள் வரிசையாக இருந்தன. விரும்பியதைத் தேர்ந்து ஒரு பட்டனைத் தட்டினால் போதும், புதிதாகப் போட்டுவிடும். இந்த இடத்தில் என் முப்பது வருஷத் தோட்ட அனுபவம் குறுக்கே வந்து நின்றது. தோட்டத்தில் துரை மாறுவார். பழைய துரை போய்ப் புதுத் துரை வந்தால் பங்களாவுக்குப் பெயின்ட் அடிப்பார்கள், நாய் மாறும், காலையில் ஆள் கூடுகிற பெரட்டில் ஏச்சு மாறும். ஆனால் லயம் இருக்கும், மலை இருக்கும், ஆள் இருக்கும், செக்ரோல் இருக்கும். சிஸ்டம் மாற்றுவதும் துரை மாறுவது போலத்தான் என்று நினைத்தேன்.

பட்டனுக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை: உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஏழு தடவை வாசித்தேன்.

"மச்சான், எல்லாம் அழிஞ்சிரும்னு போட்டிருக்கானே?"

"மருந்துப் போத்தல்ல மண்டையோடு போட்டிருப்பான். அதுக்காக மருந்தடிக்காமலா இருக்கோம்? தட்டுங்க அத்தான்."

"ஒருவேளை அழிஞ்சிட்டா?"

"படம்தான் இருக்கே!"

ஆமாம், படம் இருந்தது. பட்டியலில் பார்த்தேன்: ஒன்று. ஒன்று போதுமே என்று நினைத்தேன். எண்ணுகிறவனின் குறையே இதுதான். எத்தனை என்று பார்ப்பான். எப்போது எடுத்தது என்று பார்க்கமாட்டான். தட்டினேன். தவறு நம்பர் இரண்டு.

கொஞ்ச நேரத்தில் தளத்தைத் திறந்தால் வெள்ளைப் பக்கம். புதுத் துரை வந்து தன்னந்தனியாக நின்றார். தோட்டம் இல்லை. லயம் இல்லை. மாப்பிள்ளை இல்லை, பெண் இல்லை, ஒரு நட்சத்திரம்கூட இல்லை. மகேந்திரன் என் தோளைப் பிடித்தான். அவன் கை நடுங்கியதா என் தோள் நடுங்கியதா என்று இன்றுவரை எங்களுக்குள் தகராறு.

"அத்தான், கல்யாணமாகாத சனம் எல்லாம் எங்க போயிருச்சு?"

"கூப்பிட்டுடலாம், கூப்பிட்டுடலாம்" என்று சொல்லிக்கொண்டே ஆனி மாதப் படத்தைத் தேடித் திரும்ப ஏற்றச் சொல்லித் தட்டினேன். (அதுதான் மூன்று.) பாதியில் வெளியே இடி இடித்தது. பல்ப் மினுங்கியது. கரண்ட் போய்விட்டால் எல்லாம் பாழ் என்று சாமிப் படத்தின் முன்னால் போய் நின்றுவிட்டேன். சேர்வர் இருப்பது கடல் கடந்த நாட்டில்; ஹட்டனில் கரண்ட் போனால் அதற்கு என்ன? அது எனக்குத் தோன்றவில்லை. பயம் தேசம் பார்ப்பதில்லை.

ஏறியது. எல்லோரும் திரும்பி வந்தார்கள். எண்ணிப் பார்த்தேன். இருந்ததைவிட எட்டுப் பேர் அதிகம். குறைந்தால் பயப்படுகிறவன் நான், கூடியதும் சந்தோஷப்பட்டுவிட்டேன். மகேந்திரன் கீழே போய் பணிஸும் பிளேன்டீயும் வாங்கி வந்தான். பணிஸைப் பிய்த்து வாயில் வைக்கும்போது என் போன் கத்தியது.

மெசேஜ். 'உங்கள் மகளுக்குப் பொருத்தமான வரன். பெயர் சிவநேசன். ஊர் நோட்டன் பிரிட்ஜ். பொருத்தம் எட்டு.'

நல்ல இடமாக இருக்கிறதே என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். சத்தியமாக மகிழ்ந்தேன். அடுத்த கணம் பணிஸைக் கீழே வைத்தேன்.

அடுப்பில் கொதித்த தேத்தண்ணி! ஆனி மாதத்துப் படம் ஆனி மாதமாகவே எழுந்துவிட்டது. அதற்கு ஆடி தெரியாது, ஆவணி தெரியாது, நிச்சயதார்த்தம் தெரியாது. அன்று வரிசையில் நின்ற மெசேஜ்களை, தான் இன்னும் அனுப்பவில்லை என்று நினைத்து, ஒன்று விடாமல் மறுபடி அனுப்பிவிட்டது. என் மகளுக்கு மாப்பிள்ளை தேவை என்று மலைநாட்டில் முப்பத்தெட்டு வீடுகளுக்கு. ராமையா அதிபர் வீடு உட்பட.

கூடுதலாக இருந்த எட்டுப் பேர் யார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஆனிக்குப் பிறகு கல்யாணம் முடிந்து, பட்டியலிலிருந்து எடுத்துவிட்டவர்கள். மகேந்திரனின் போன் அலறியது. பேசியது அந்த எட்டுப் பேரில் ஒருவரின் மனைவி; தூரத்தில் நின்ற எனக்கே குரல் கேட்டது.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு பேரு உங்க லிஸ்ட்டுல மறுபடி வந்திருக்காமே! கல்யாணம் கட்டி ரெண்டு மாசம் ஆகல. யாரு குடுத்தது? அவரா குடுத்தாரு? உண்மையச் சொல்லுங்க!"

"இல்லம்மா, அது கம்பியூட்டரு…"

"கம்பியூட்டருக்கு எப்பிடி எங்க வீட்டுக்காரர் மேல கோவம்?"

அவன் பதில் தேடிக்கொண்டிருக்கும்போது என் மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, நோட்டன் பிரிட்ஜ்ல இருந்து சம்பந்தி போன் பண்ணினாரு. நாளைக்குக் காலையில வர்றாராம். என்னா விசயம்னு சொல்லல. கொரலே சரியில்லங்க. நீங்க ஏதாச்சும் பண்ணினீங்களா?"

"நானா? நான் என்னா பண்ணினேன்?" என்றேன். முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் அவள் நம்பாத பதில் அது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆட்களை எண்ணவில்லை. பஸ் பள்ளத்தில் விழுந்தாலும் நல்லதுதான் என்ற நிலைமை. சம்பந்தி என்னவெல்லாம் கேட்பார் என்று எண்ணிக்கொண்டு வந்தேன். பதினொரு கேள்வி வந்தது. பதில் ஒன்றுக்கும் வரவில்லை. நிச்சயம் செய்த பிறகு வேறு மாப்பிள்ளை தேடுகிற குடும்பம் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால், மாலதியின் கதி? அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு வீட்டுப் போன் எப்போது அடித்தாலும் அவள்தான் முதலில் ஓடினாள். அதையும் நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் காலை ராமையா அதிபர் வந்தார். தனியாக வந்தார். அதுவே எனக்குப் பயமாக இருந்தது. நல்ல விஷயத்துக்கு யாரும் தனியாக வருவதில்லை. குடையை மடக்கி மூலையில் சாய்த்தார். உட்கார்ந்தார். போனை எடுத்து டீப்போவின் மேல் வைத்து, என் பக்கமாக விரலால் தள்ளினார்.

"இது என்னாங்க?"

வாசித்தேன். என் மகளின் பெயர், நட்சத்திரம், 'உங்கள் மகனுக்குப் பொருத்தமான மணமகள்.'

"நிச்சயம் பண்ணி ரெண்டு வாரம் ஆகுதுங்க" என்றார் மெதுவாக. மெதுவாகப் பேசுகிற அதிபர்கள்தான் பிரம்பைப் பின்னால் வைத்திருப்பார்கள். "இப்ப என் மகனுக்கு, உங்க மகளையே, வரன்னு எனக்கே அனுப்புறீங்க. இது எனக்கு மட்டும் வந்ததா, ஊருக்கெல்லாம் வந்ததா? எங்க இடத்துல ஏதும் கொறைன்னா நேராச் சொல்லலாமே."

"கொறையாவதுங்க! அது வந்துங்க…" என்று தொடங்கினேன். வாசலில் வாடகை வான் வண்டி ஒன்று வந்து நின்றது.

வானிலிருந்து இறங்கினார்கள். எண்ணினேன், பழக்கம் விடுமா? ஏழு பேர். ஓர் அம்மாவின் கையில் பூத்தட்டு, இன்னொருவர் கையில் வாழைப்பழச் சீப்பு, பின்னால் தலை சீவிய ஒரு பையன். முன்னால் வந்தவர் கும்பிட்டார்.

"கொத்மலையில இருந்து வர்றோமுங்க. ஆனியில உங்க மெசேஜ் வந்துச்சு. அப்ப தம்பி கட்டார்ல இருந்தான், பதில் சொல்ல முடியல. இப்ப வந்திருக்கான். நேத்து ரெண்டாந்தரமும் அனுப்பியிருந்தீங்க. இவ்வளவு விருப்பமா இருக்காங்களேன்னு போன்கூடப் பண்ணாம நேராப் பொண்ணு பாக்க வந்துட்டோம்."

அதிபரின் குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் வாழைப்பழச் சீப்பைப் பார்த்தேன். பதினான்கு பழம்.

அந்த நேரம் பார்த்து மாலதி டீத் தட்டோடு உள்ளேயிருந்து வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். வந்தவர்களின் பூத்தட்டைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "அப்பா, நான் யாருக்கு மொதல்ல டீ குடுக்கணும்?" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தட்டில் கோப்பைகள் கிடுகிடுவென்று ஆடின.

அந்தக் கோப்பைச் சத்தம்தான் என் வாயைத் திறந்தது. எழுந்து நின்றேன். வேலை நேரத்தில் துரை முன்னால் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டினேன். காம்பரா, அச்சு, துரை மாறியது, தோட்டம் காணாமல் போனது, அடுப்பில் கொதித்த தேத்தண்ணி, எல்லாம்.

கொத்மலைக்காரர் வாயைத் திறந்தபடி கேட்டார். அதிபர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அப்ப அந்த மெஷினு இன்னும் ஆனி மாசத்துலயா இருக்கு?" என்றார் அதிபர்.

"ஆமாங்க."

"மாசம் ஒரு படம் எடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாங்க."

"அப்ப ஏன் அடுத்த மாசம் எடுக்கல?"

இதுதான் நான் பயந்த கேள்வி.

"ஆடி மாசமாச்சுங்களே."

அதிபர் கண்ணைத் திறந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓ… ஆடி" என்றார். தலையை மேலும் கீழும் ஆட்டினார். "அது சரி. ஆடியில எப்பிடி எடுக்கிறது?"

"அதானே!" என்றார் கொத்மலைக்காரர். "ஆடியில யாராச்சும் எடுப்பாங்களா?"

காம்பராவும் அச்சும் அவர்களுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஆடி விளங்கியது. நான் எதைச் சொல்ல வெட்கப்பட்டேனோ அது ஒன்றைத்தான் அவர்கள் முழுதாக நம்பினார்கள். மாலதி டீயை மாமனாருக்கு முதலில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். அவர் ஒரு வாய் குடிக்கும் வரை நான் உட்காரவில்லை.

"ஒண்ணு மட்டும் செய்ங்க" என்றார் அதிபர். "எங்க பையன் பேரையும் இந்தப் புள்ள பேரையும் உடனே அதுல இருந்து எடுத்துட்டு, புதுப் படம் ஒண்ணு எடுத்து வச்சிருங்க."

"இன்னைக்கு அஷ்டமிங்களே."

"ஆமால்ல. அப்ப நாளைக்கு நவமி."

"ஆமாங்க."

"சரி, நாளன்னைக்கே எடுங்க."

"அப்பா!" என்று மாலதி போட்ட சத்தத்தில் கொத்மலைப் பையன் எழுந்து நின்றுவிட்டான். "அஷ்டமியாவது நவமியாவது! இப்பவே ஹட்டனுக்குப் போறோம். நானும் வர்றேன். மாமா, நீங்க டீயக் குடிங்க."

அதிபர் டீயைக் குடித்தார். அவர் அடங்கிப்போனதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு பல தடவை பார்த்துவிட்டேன்.

கொத்மலைக்காரர்கள் வடை சாப்பிட்டார்கள். போகும்போது அந்தப் பெரியவர், "தங்கச்சி யாரும்…?" என்று இழுத்தார். "ஒரே மகதாங்க" என்றேன். அவர் அதிபரைப் பார்த்தார். "எனக்கும் ஒரே மகந்தான். அவனுக்கும் இங்கயே முடிஞ்சிருச்சு" என்றார் அதிபர். அன்று முதன்முதலாகச் சிரித்தார். பூத்தட்டு கொண்டுவந்த அம்மா, "கொண்டாந்த பூவத் திருப்பி எடுத்துட்டுப் போகக்கூடாது, வச்சுக்க தாயி" என்று மாலதியின் தலையில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் அழுதுவிட்டேன். மழைச் சாரல் என்று சொல்லிச் சமாளித்தேன். (வீட்டுக்குள் ஏது சாரல் என்று யாரும் கேட்கவில்லை.)

அஷ்டமியில் எடுத்த அந்தப் படத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது. இப்போது பேரப்பிள்ளைகள் இரண்டு. எங்கள் வீட்டில் யாராவது முடிந்துபோன சண்டையைத் திரும்பக் கிளப்பினால், "பழைய படத்தப் போடாதீங்க" என்பார்கள். ஆடி பிறந்தால் மருமகன் நோட்டன் பிரிட்ஜிலிருந்து போன் பண்ணுவார்: "என்னங்க மாமா, படம் எடுத்தாச்சா?" எஞ்சினியர் அல்லவா, கேலியைக்கூட வருஷா வருஷம் பராமரிக்கிறார்.

எல்லோரையும்விட மோசம் மாலதிதான். கறியில் உப்பில்லை என்று புருஷன் முகம் சுளித்தால் போதும், என்னைக் கண்ணால் காட்டுவாள். "யோசிச்சுப் பேசுங்க. நான் இன்னும் ஆனி மாசப் படத்துல இருக்கேன். அப்பா ஒரு பட்டனத் தட்டினாப் போதும், முப்பத்தெட்டு வீட்டுக்கு மெசேஜ் போகும்."

வீடே சிரிக்கும். நான் மட்டும் சிரிப்பதில்லை. ஏனென்றால், அந்த ஆனி மாதப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. அழிப்பதற்கு ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.